வலம் வந்த புல்லி

"பஸ்ல போயிடலாம்ங்க," என்றாள் ரேவதி, மூன்றாவது முறையாக.

ராஜேந்திரன் காதில் வாங்கவில்லை. காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். மாமனார் விட்டுப்போன பழைய வண்டி. இன்ஜின் பின்னாடி இருக்கும். தண்ணீர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். தங்கை மகள் ஓவியாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் பத்தரைக்கு முகூர்த்தம். தாய்மாமன் மாலை போய்ச் சேர்ந்தால்தான் பெண் மணையில் உட்காருவாள்.

அந்த மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்துப் பூ வேலைக்கு வரவேண்டிய ஜோதியம்மாள் முன்சீட்டில் ஏழு மணியிலிருந்து காத்திருந்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று தங்கை புருஷன் மாறன், "மச்சான் தையல் மெஷின்ல வந்துட்டாரு" என்று பந்தியில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். அதே டிக்டிக் சத்தத்தோடு இன்றைக்கும் போய் இறங்குவதா? சத்தத்தைக் குறைக்கச் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அரை மணி நேர வேலையாம். போதாதா, மேதை ஸ்பானரை எடுத்துவிட்டார்.

எதிர்வீட்டு மெக்கானிக் தசரதன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "டேப்பெட் பாக்கறீங்களா சார், வால்வு இடைவெளி? அந்தப் பெல்ட் ஓடற சக்கரம், புல்லிய இடமாத் திருப்புங்க. அப்பதான் சிலிண்டர் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா வரும்."

"அண்ணாமலையார் ஊர்ல இருந்துக்கிட்டு இடமாச் சுத்தச் சொல்றியே, உனக்கே நல்லாயிருக்கா?"

"அது மலை இல்ல சார், புல்லி."

"உன் வேலையப் பாரு."

மாதாமாதம் பௌர்ணமிக்கு வலம் வருகிறவர்; கை மட்டும் இடமாகப் போகுமா? வலமாகவே திருப்பினார். அப்படித் திருப்பினால் ஒன்றுக்கு அடுத்து நாலுதான் வரும் என்பதெல்லாம் பக்தருக்கு எதற்கு? தன் போக்கில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி, ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி வைத்து மூடினார்.

ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் போய், தகரக் கொட்டகைமேல் கல் விழுகிற சத்தம் வந்தது.

"முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்குங்க," என்றாள் ரேவதி.

"செட் ஆகணும்டி."

செட் ஆவதற்காக எல்லா வால்வையும் இறுக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கினார். சத்தம் சுத்தமாக நின்றது, ஏனென்றால் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை. அதையும் வெற்றி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார், மனுஷன்.

ஒன்பதரைக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, மாலை எங்க? 'உங்கண்ணன் வரமாட்டாரு, கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்'னு இவரு சொல்றாருண்ணா." குரல் உடைந்திருந்தது.

ராஜேந்திரன் ஸ்பானரைக் கீழே போட்டார். தோளில் தூக்கி வளர்த்த பெண்ணுக்குக் கடை மாலையா? தெருவைத் தாண்டிப் போய் நின்றார்.

"தசரதா, நீயே வந்து பாருப்பா."

தசரதன் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. அவன் புல்லியை இடமாகத் திருப்ப, இவர் மலைப்பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபது நிமிஷத்தில் வண்டி ஓடியது, அதே பழைய டிக்டிக்கோடு.

"சத்தம் அப்படியே இருக்கேப்பா?"

"இந்த இன்ஜினுக்கு அது இருக்கணும் சார். முதல்லயே சரியாத்தான் இருந்துச்சு."

திண்டிவனம் ரோட்டில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது. பத்தரைக்குள் போய்விடலாம். டேஷ்போர்டில் இவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த குட்டிப் பிள்ளையாரிடம் தழுதழுத்தார்: "மன்னிச்சிடுப்பா. அவன்தான் இடமாச் சுத்திட்டான். நான் வலமாத்தான் சுத்தினேன், உனக்கே தெரியும்."

ஜோதியம்மாள் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளையாரு எதிர்ப்பக்கத்துலேருந்துல்ல பாக்கறாரு அய்யா, அவருக்கு நீங்க காலையிலேருந்து இடமாத்தான் சுத்தினீங்க, தசரதன் ஒருத்தன்தான் வலமாச் சுத்தினான்."