கழற்றி மாட்டும் திருக்கரம்

கழற்றிமாட்டி என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், உங்கள் அலுவலகத்தில் தேடுங்கள். நெட் ஒழுங்காக வரும் நாட்களில் இவரை அடையாளம் காண முடியாது. எல்லோரையும் போலக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கேயாவது ஒரு திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்துவிட்டால் போதும், யாரும் கூப்பிடாமலே எழுந்து, சட்டைக் கையை மடித்து, கைப்பேசி டார்ச்சைப் போட்டு, “தள்ளுங்க, நான் பாக்கறேன்” என்றபடி மேசைக்கடியில் புகுந்துவிடுவார். இதற்காக இவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இவருடைய வேலை கட்டடங்களுக்கு அனுமதி வாங்குவது. அதை இவர் செய்து யாரும் பார்த்ததில்லை.

இவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கழற்றுவது, மாட்டுவது. ஒரு கேபிளைக் கழற்றி, மாட்டி, சரியாயிற்றா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுவதெல்லாம் கோழைகளின் வழி. இவர் கை பட்டால் கேபிள், பிளக், பிரிண்டர், பக்கத்து மேசைக்காரரின் கைப்பேசி சார்ஜர் என்று எல்லாம் ஒன்றாகக் கழன்று, எல்லாம் ஒன்றாக மாட்டப்படும். பல நேரம் கோளாறு போய்விடும். எதனால் போனது? கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் இவர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, “உள்ள லைன்ல கொஞ்சம் அடைப்பு, எடுத்து விட்டுட்டேன்” என்பார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நாம் அவருக்குத் தேநீர் வாங்கித் தர வேண்டும்.

வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. “இதுல கைய வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மனைவி மோடத்தை அலமாரி உச்சியில் ஏற்றிவைத்திருக்கிறார். மைத்துனர் வீட்டுத் தொலைக்காட்சியைச் சரிசெய்யப் போய் வாசல் அழைப்பு மணி ஊமையானதிலிருந்து அங்கேயும் அழைப்பில்லை. பாவம், வேறெங்கே போவார்? மிச்சம் இருப்பது நாங்கள்தான்.

ஒரு நாள் அப்படிச் சிக்கியவள் எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடும் பெண். வருடக்கணக்காக ஊரார் கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்து கொடுத்தவள், முதல் முறையாகத் தன் சொந்த யோசனையில் ஒரு சிறுவர் நூலகம் வரைந்திருந்தாள். போட்டிக்கு. ஜெயித்தால் கட்டியே விடுவார்கள், வாசலில் அவள் பெயர் இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற அகலத்துக்கு ஜன்னல் வேண்டும் என்று கடைசி நாள்வரை மாற்றி மாற்றி வரைந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்காரர்களின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நாலேகால் மணிக்கு ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், அவள் கணினியில் மட்டும் நெட் இல்லை. வரைபடம் இருப்பதோ அலுவலகத்தின் பொதுக் கணினியில்; அதைத் தொடவும் கேபிள் வழியாகத்தான் போக வேண்டும்.

அவள் குனிந்து பார்த்தாள். “இந்த முனையில கொக்கி உடைஞ்சிருக்குண்ணா. அதான் நழுவி நழுவி வெளிய வருது. வேற கேபிள் இருந்தா குடுங்க, போதும்.”

கழற்றிமாட்டி சிரித்தார். “அதெல்லாம் இல்லமா. பிரச்சினை உள்ள இருக்கு.”

“அப்ப பக்கத்துல அக்காவோட கம்ப்யூட்டர்ல ஏத்திக்கறேன். அங்க வருது.”

“எதுக்கு அலையற? ரெண்டு நிமிஷம் உக்காரு.”

பெரியவர் சொல்கிறாரே என்று உட்கார்ந்தாள். அந்த மரியாதைதான் அவளுக்கு வினையாயிற்று.

எல்லா மேசைகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி ஒன்று சுவரோரம் இருக்கிறது. அங்கே போய் அத்தனையையும் உருவி, அத்தனையையும் திரும்பச் செருகினார் மனிதர். கீழே ஒரு கேபிள் முனை சும்மா கிடந்தது. எப்போதோ எடுத்துப்போட்ட மேசைக்குப் போன கேபிள் அது. அதன் மறுமுனை அதே பெட்டியில்தான் இருந்தது. சும்மா கிடக்கிற முனையைக் கண்டால் இந்த இனத்துக்குப் பொறுக்குமா? பெட்டியில் காலியாக இருந்த துளையில் அதையும் குத்தினார். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால் போன செய்தி திரும்பி வரும், வந்தது மறுபடி போகும், சுற்றிச் சுற்றிப் பெருகி வேறெதற்கும் வழிவிடாது. பெட்டியின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தாற்போல மின்னின. “பாத்தீங்களா, எல்லா லைனும் எப்படி ஓடுதுன்னு” என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கும் போயிடுச்சு” என்றார் பக்கத்து மேசை அக்கா. எனக்கும் போனது. உள்ளறையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். கழற்றிமாட்டியா அசருவார்? வெளியே சாலை தோண்டுகிறார்களாம். நெட் கம்பெனிக்காரன் சரியில்லையாம். மேலாளர் வாங்கிய புது பிரிண்டர் மேல் முதல் நாளிலிருந்தே இவருக்குச் சந்தேகமாம். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அண்ணா, கடைசியா என்ன மாட்டினீங்க?”

“நான் ஒண்ணையும் தொடவே இல்லியேமா. சும்மா பாத்தேன்.”

இதுதான் இந்த இனத்தின் நிஜக் குரல். தெரியாமல் செருகியதை மன்னிக்கலாம். ‘இதைச் செருகினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். முகத்தில் துளி வெட்கமில்லாமல் நிற்கிற மனிதரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாக விரலால் தொட்டுத் தொடர்ந்து போனாள். போன இடத்துக்கே திரும்பி வந்த கேபிளைக் கண்டுபிடித்து உருவினாள். விளக்குகள் அடங்கின, எல்லோருக்கும் நெட் வந்தது. அக்காவின் கணினிக்கு ஓடினாள். ‘சமர்ப்பிக்கும் நேரம் முடிந்தது’ என்று திரை சொன்னது.

பின்னாலிருந்து குரல் வந்தது. “வந்துடுச்சா? நான்தான் சொன்னேன்ல, ரெண்டு நிமிஷம்னு.”

“ஆமாண்ணா. வந்துடுச்சு” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் போட்டிக்கு ஒதுக்கிய மனையில் இப்போது வேறு யாரோ வரைந்த நூலகம் எழும்புகிறது. போகும்போது பார்த்தேன். ஜன்னல்கள் குறுகல், ஒரு பிள்ளையும் உட்கார முடியாது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். உதவுகிற மனம் உங்களுக்கு, அவ்வளவுதான். எங்கேயாவது ஏதாவது ஓடவில்லை என்றால் கை தானாக முன்னால் போகிறது. யாராவது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ‘ஒண்ணும் பண்ணலையே’ என்று வாய் முந்திக்கொள்கிறது. அடுத்த முறை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள். முடியவில்லையா? பின்னே, இத்தனை நேரம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்கள்?