இடுப்பைத் தட்டிப் பார்த்தவர்

மனித இடுப்பைப் பற்றி மண்டி மாமாவுக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் மண்டி மாமா சொல்வார். எங்கள் வார்டில் யாரும் மறுத்ததில்லை. சண்டைக்கு எழுந்து போகிற நிலையில் அங்கே ஒருவரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டு அது. கடலூர் முதுநகரிலிருந்து நான் டிஸ்க் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருந்தேன். முதுகு வலி போய்விட்டது. போகும்போது வலது பாதத்தின் தெம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாதத்தை மேலே தூக்க வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் மண்டி மாமா. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் தரம் பார்க்கிறவர். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். 'டங்' என்றால் காய், 'தொப்' என்றால் பழம். லாரி லாரியாகத் தட்டிய கை ஆஸ்பத்திரியில் மட்டும் சும்மா இருக்குமா? கைக்கு எட்டுகிற கட்டு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

நான் கண் விழித்த அன்றே என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். "பிஞ்சு மாப்ள. ரெண்டு மூணு மாசம் மரத்துலயே கெடக்கட்டும். அப்பறம் பாதம் தூக்கும்."

மறுநாள் பெரிய டாக்டர் வந்து, நரம்பு தேறிவர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று பத்து நிமிஷம் விளக்கினார். மாமா சுவரைப் பார்த்து, "இதத்தான் நேத்தே சொன்னன்" என்றார். டாக்டர் ரப்பர் சுத்தியலை எடுத்து என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாரோ இல்லையோ, மாமா எழுந்து உட்காராத குறை.

"நீங்களும் தட்டித்தான் சார் பாக்குறீங்க. என்னா, உங்களுக்குச் சுத்தியல் தேவப்படுது."

எதிர்க் கட்டிலில் பரங்கிப்பேட்டை பாய். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, மூட்டு மாற்றியவர். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் நீளமாகிவிட்டது என்று அவருக்கு மனக்குறை. டாக்டர் டேப் வைத்து அளந்து, "கொஞ்சம்தான், நடக்க நடக்கப் பழகிடும்" என்று சொல்லியும் பாய் சமாதானமாகவில்லை. மாமா தன் கட்டிலிலிருந்தே இரண்டு காலையும் கண்ணால் நிறுத்தார்.

"ஜாஸ்தியாத்தான் குடுத்திருக்காங்க பாய். கொறச்சு குடுத்தா கேளு. கூடக் குடுத்ததுக்கு யாராவது சண்ட போடுவாங்களா?"

பாய் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தார். அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து வராண்டா வரைக்கும் போய்வந்தார்.

ஊருக்கெல்லாம் ஜோசியம் சொன்ன மாமாவின் சொந்த இடுப்பு கதை வேறு. தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு அவருக்கும் உலோக மூட்டு வைத்திருந்தார்கள். தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, ரொம்பக் குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மாமா நாற்பது நாள் பொறுத்தார். நாற்பத்தோராவது நாள், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மண்டிக்குப் போனார். பழமெல்லாம் தரையில் குவிந்து கிடக்கிறது. நின்றுகொண்டு பலாப்பழம் தட்டிய மனிதன் உண்டா? குந்தினார், தட்டினார். மூட்டு கழன்றது.

"சத்தம் கேக்கலியா மாமா?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டேன்.

"கேட்டுச்சு. தொப்புன்னுச்சு. நான் பழந்தான்னு நெனச்சு, அத எடுத்துத் தனியா வையிங்கடான்னன். எந்திரிக்கப் பாத்தா காலு வரல."

மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி அனுப்பினார்கள். அடுத்த தடவை மாமா திருந்தியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குனிந்து தட்டினார். மறுபடியும் கழன்றது. இந்த முறை, நான் வார்டில் இருந்தபோதே, பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். "இதுவும் கழண்டா நான் எடுத்துடுவேன். அப்புறம் வேற வைக்க முடியாது. ஒரு கால் குட்டையா, கட்டையைப் பிடிச்சுத்தான் நடக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே எழுப்பி நடக்கவைக்க வந்தார்கள். மாமா தலை சுற்றுகிறது என்றார். மறுநாள் ராகுகாலம் என்றார். அதற்கும் மறுநாள் வாக்கரின் பூட்டு சரியில்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறும் என்று நர்ஸ் திட்டிவிட்டுப் போனார். சோம்பேறி என்று நாங்களும் கிண்டலடித்தோம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டே அசந்திருந்த நேரம். மாமா கையை நீட்டிக் கூப்பிட்டார்.

"மாப்ள, என்னுத நீ கொஞ்சம் தட்டிப் பாரு."

"நீங்களே பாக்கலாமே?"

"பாத்தன். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது." குரல் கீழே போய்விட்டது. "எறங்குனா கழண்டுடுமோன்னு பயமா இருக்குடா."

என் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டுக்குக் கீழே, தொடை ஓரமாக, விரல் முட்டியால் இரண்டு தட்டு. எனக்குக் கேட்டதெல்லாம் தொடையைத் தட்டினால் கேட்கிற சத்தம். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

"காய் மாமா. டங்குன்னு இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"அசல் காய். காம்ப வுட்டு நகராது."

மாமா கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் நர்ஸைக் கூப்பிடச் சொன்னார். நர்ஸும் நானும் இரண்டு பக்கம் நிற்க, மெதுவாகக் காலைக் கீழே வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்க் கட்டில் பாய் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சத்தமாகவே சொன்னார்.

திரும்பிப் படுத்து மூச்சு வாங்கிய பிறகு மாமா என்னிடம் சொன்னார்: "உனக்குத் தட்டவே தெரியல. கைய அப்டி வச்சா பாறையத் தட்டுனாலும் தொப்புன்னுதான் கேக்கும்."

"அப்பறம் ஏன் எந்திரிச்சீங்க?"

"எனக்காவப் பொய் சொல்றதுக்கு ஒருத்தன் நொண்டிக்கிட்டு வந்தான். அவனுக்காவத்தான்."

மாமாவின் மூட்டு இன்றுவரை கழலவில்லை. மண்டியில் அவருக்கு உயரமாக ஒரு மேஜை போட்டு, பழத்தை அதன்மேல் தூக்கி வைக்கிறார்கள். என் பாதமும் முக்கால்வாசி தூக்குகிறது. மீதிக் காலுக்கு நான் தவறாகப் பராமரித்ததுதான் காரணம் என்று மாமா சாதிக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். பண்ருட்டி வழியாகப் பஸ்ஸில் போகிற போதெல்லாம் இறங்கி, அவர் நடப்பதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுகிறேன். பார்க்காமல் போனால் எனக்கு மனசு கேட்பதில்லை.