மிதந்து வந்த செப்டிக் டேங்க்

குதிரை மேல் ஏறியவர்கள் உண்டு, யானை மேல் ஏறியவர்களும் உண்டு. பட்டு வேட்டியோடு செப்டிக் டேங்க் மேல் ஏறியவன், எனக்குத் தெரிந்து உத்திரமேரூர் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்கிறார்கள். (வெட்கம் முழுவதையும் அன்றைக்கே செலவழித்துவிட்டேன்.)

சாலவாக்கத்தைத் தாண்டி, ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டினேன். மின்கம்பம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கூரையில் சோலார் தகடு, வெயில் அடித்தால் ஓடும் மோட்டார், இரண்டு அறை. செங்கல்பட்டு வாடகை வீட்டில் படுத்துக்கொண்டு நான் கண்ட கனவு அதுதான். என் மனைவி குமுதா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"கக்கூசு ஒழுங்கா வேலை செஞ்சா தங்குவேன். இல்லன்னா பால் காய்ச்சன கையோட பஸ் ஏறிடுவேன். அப்பால நீங்க மயிலுங்களோட குடித்தனம் பண்ணிக்கினு இருங்க."

எருமை படுத்தாற்போல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். பள்ளம் தோண்டி அதை இறக்கிய ஆட்கள், "ஒடனே தண்ணி ரொப்பிட்டு, சுத்தி மண்ணு தள்ளிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குமுதா மோட்டார் போடப் போனாள். நான் பாய்ந்து தடுத்தேன்.

"இன்னாடி பண்ற? புது வூட்ல மொதல் தண்ணி பால் பானைக்குப் போவணும். கக்கூசுக்கா வுடுவாங்க? வெள்ளிக்கெழம பால் காய்ச்சிட்டு ரொப்பிக்கலாம்."

"காலியா வுட்டா எதனா ஆயிடப் போவுதுங்க."

"பள்ளத்துல கெடக்கற தொட்டி எங்க ஓடிடப் போவுது?"

புதன்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. உறவுக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். ஐயர் உள்ளே கோலத்தின் மேல் அடுப்பை வைத்துக்கொண்டிருந்தார். கால் கழுவப் பின்பக்கம் போன என் மச்சான் தணிகாசலம், அதாவது குமுதாவின் அண்ணன், அங்கிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"மாப்ள! உன் தொட்டி எய்ந்து வந்துக்கினு கீது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். பள்ளம் முழுக்கத் தண்ணீர். காலித் தொட்டி அதில் மிதந்து, முதுகைக் காட்டிக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தொட்டி தெரியவில்லை. பையோடு பஸ் ஏறும் குமுதாதான் தெரிந்தாள்.

அந்த நேரத்தில் புத்தியுள்ள மனிதன் யோசிப்பான். நான் தாவினேன். தொட்டியின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அழுத்தினேன். என் எடையைப் பற்றி டாக்டர் சொன்னதெல்லாம் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. அது இரண்டு விரல்கடைகூட இறங்கவில்லை. என்னையும் சுமந்துகொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. வேனில் வந்தவர்கள் மொத்தப் பேரும் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தார்கள்.

"மச்சான், கயிறு எட்தாங்க! என்னையும் சேர்த்துக் கட்டுங்க!"

"எங்க கட்றது மாப்ள? கப்பலுக்கு நங்கூரம் கேக்கற மாதிரி கேக்கறியே!"

குமுதா வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"குடம் எட்துக்கினு வாங்கடி! பள்ளத்துத் தண்ணிய மொண்டு உள்ளயே ஊத்துங்க. வெளிய கொறையும், உள்ள ஏறும், தானா குந்திக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மொதல்ல எறங்குங்க."

"எறங்கினா இன்னும் மேல வந்துடும்டி!"

"நீங்க குந்திக்கினு கீறதே மூடி மேலதாங்க!"

நகர்ந்து ஓரமாக உட்கார்ந்தேன். (இறங்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு உண்டு.) பட்டுப்புடவைகள் வரிசையாக நின்றன. குடம் கைமாறிக் கைமாறி வந்தது. மூடி திறந்த வாய்க்குள் பாதி, என் தலையில் பாதி. ஐயர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "நல்ல நேரம் போறதே" என்றவர், என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பஞ்சாங்கத்துல இன்னொண்ணு இருக்கும், பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

கடைசியில் தொட்டி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது. கூடவே நானும் இடுப்பு வரை சேற்றில். கரையில் கைதட்டினார்கள். சுற்றி மண் தள்ளி மூடி, தணிகாசலம் மச்சான் குழாயை வெட்டி ஒட்டினார். தொட்டி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. இன்றுவரை ஒரு அடைப்பு இல்லை, ஒரு நாற்றம் இல்லை. வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டுகிறேன்.

பால் ஒருவழியாகப் பொங்கியது. சாயங்காலம் டவுன் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தபோது என் நெஞ்சும் கூடவே அடித்துக்கொண்டது. குமுதா எழுந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். பஸ் போன பிறகுதான் திரும்பி வந்தாள்.

"நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, பாயை விரித்தாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீடு கட்டினாலும், பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு புதுச் சடங்கு நடக்கிறது. மஞ்சள் தடவிய முதல் குடம் செப்டிக் டேங்குக்குப் போகிறது. ஊற்றுவது குமுதா. மூடி பக்கத்தில் எனக்கு ஒரு மணை போட்டிருப்பார்கள். போன மாதம் தணிகாசலம் மச்சான் மகள் வீட்டில் மணை போட மறந்துவிட்டார்கள். கோபித்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்துவிட்டேன்; மணையும் மாலையுமாக வந்து அழைத்துப் போனார்கள்.