எரு மாஸ்டரின் இங்கிலீஷ்

எருமையை வகுப்பறைக்குள் கூட்டிவந்து இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவர் பெங்களூரில் எரு மாஸ்டர் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்றாலும் நான் வாதாட மாட்டேன்.

யுத்த காலம். ஊருக்கு வெளியே எங்கள் விவசாயக் கல்லூரி. மாஸ்டர் கன்டோன்மென்டிலிருந்து கோட்டும் டையுமாக சைக்கிளில் வருவார். பாடப்புத்தகத்தில் லண்டன் மூடுபனியும் நைட்டிங்கேல் பறவையும் இருந்தன. அதை அவர் ஓரங்கட்டிவிட்டார்.

"நாளைக்கு மேலதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதணும்டா. ராகில பூச்சி விழுந்துடுச்சுன்னு எழுதுவியா, பறவை பாடுதுன்னு எழுதுவியா?"

தாமே பாடங்கள் எழுதி, டைப் அடித்துக் கொடுத்தார். முதல் பாடம், காளையின் கழுத்து வீக்கம். இரண்டாவது, எருக்குழி. பெயர் அப்படித்தான் வந்தது.

செயப்பாட்டு வினைக்கு, எலி ராகியைத் தின்றது, ராகி எலியால் தின்னப்பட்டது என்று உதாரணம் கொடுத்தார்.

"ரெண்டுலயும் நஷ்டம் நமக்குத்தானே ஸார்?" என்றான் எங்கள் வகுப்பு ஆனேக்கல் சென்னப்பன்.

எருமை வந்தது 'அண்டர்', 'பிஹைண்ட்' கற்பிக்க. 'பிஹைண்ட்' நின்றவன் வேட்டி மாற்றப் போக வேண்டியதாயிற்று. பிரின்சிபால் கொதித்துப்போனார். "இன்ஸ்பெக்டர் வரார். பசங்க உளறினா உங்க வேலை போயிடும்!"

இன்ஸ்பெக்டர் வந்தார். சென்னப்பனை எழுப்பி, நைட்டிங்கேல் பற்றிச் சொல்லச் சொன்னார்.

சென்னப்பன் பணிவாக இங்கிலீஷிலேயே கேட்டான்: "அது நெல்லைத் தாக்குமா, ராகியைத் தாக்குமா ஸார்? என்ன மருந்து தெளிக்க வேண்டும்?"

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டரின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, தெரிந்த பூச்சியைப் பற்றிச் சொல்" என்றார். கம்பளிப்புழுவில் ஆரம்பித்த சென்னப்பனை மணி அடித்தும் நிறுத்த முடியவில்லை.

"இங்கிலீஷ் அபாரம், இலக்கியம் பூஜ்யம்" என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். வேலை தப்பியது. நைட்டிங்கேல் பாட்டு மட்டும் கட்டாயமாயிற்று.

மறுநாள் மாஸ்டர் அந்தப் பாட்டைத் திறந்தார். "விசாரிச்சுட்டேன். இது பூச்சி தின்னுமாம். நமக்கு வேண்டிய பறவைதான். படிங்க."

வெகுநாள் கழித்து அவரை மார்க்கெட்டில் பார்த்தேன். நான் அப்போது அத்திபெலேயில் விவசாய அதிகாரி. ரொம்பத் தளர்ந்திருந்தார். "பயிர் எப்படி? இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு சொல்லைத் திருத்தினார். நான் சொன்னதுதான் சரி. ஆனாலும் அவர் சொன்னபடியே திருப்பிச் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தப்புச் செய்தேன், இன்னும் கொஞ்ச நேரம் அவர் என்னோடு நிற்கட்டும் என்று.