முன் படம், பின் படம்

எங்கள் கம்பெனி வீட்டுத் தரையைச் சூடாக்கும் பாய்லர் செய்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. சியோலில் நான் இருக்கும் தலைமை அலுவலகம், தேஜோனில் ஒன்று, தெற்கே பூசானில் ஒன்று. இம்மூன்றுக்கும் இடையே சகோதர பாசத்தை வளர்க்கும் பொருட்டும், ஏழை எளியோர் குளிரில் வாடுவதைத் தடுக்கும் பொருட்டும், ஆண்டுதோறும் நவம்பரில் 'வெதுவெதுப்பு விழா' நடத்தும்படி எங்கள் தலைவர் அவர்கள் உத்தரவிட்டிருக்கிறார்.

முதலில் நிதி திரட்டும் சந்தை. ஊழியர்கள் வீட்டில் வேண்டாத பொருளைக் கொண்டுவந்து வைக்க, மற்றவர்கள் மகிழ்ச்சியோடு வாங்க வேண்டும். எங்கள் துறை மேனேஜர் மா என்பவர் கொண்டுவரும் கால் பிடித்துவிடும் மெஷினை வாங்கும் பாக்கியம் மூன்று வருஷமாக எனக்குத்தான். வாங்கிய மறுநாளே அவர் மனைவிக்கு முழங்கால் வலி வந்துவிடும். நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

திரண்ட நிதியில் கரிக்கட்டி வாங்கி, பாய்லர் இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பது அடுத்த கட்டம். துளை போட்ட உருளைக் கரி. ஒன்று மூன்றரைக் கிலோ. அடுப்பில் ஒரு நாளைக்கு நாலு எரித்தால் ஓர் அறையின் தரை சூடாக இருக்கும். ஏழைகள் குன்றின்மேல் குறுகிய சந்துகளில் வசிப்பதால், அடிவாரத்திலிருந்து வரிசையாக நின்று கைமாற்றி மேலே அனுப்புவோம். கன்னத்தில் கொஞ்சம் கரி பூசிக்கொள்வது கட்டாயமில்லை. ஆனால் பூசிக்கொள்ளாதவனுக்குப் பதவி உயர்வு வந்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு படம் ஒட்ட வேண்டும். முன் படத்தில் வீட்டின் காலிக் கரிக்கிடங்கின் முன் உதவி பெறும் பெரியவர் நிற்க வேண்டும். பின் படத்தில் நிறைந்த கிடங்கின் முன் அதே பெரியவர் நிற்க வேண்டும். தலைவர் அவர்களின் மனதை உருக்கும் அலுவலகத்துக்கு வருஷக் கடைசி விருந்தில் மாட்டுக்கறி. மற்ற இரண்டுக்கும் பன்றிக்கறி. நாங்கள் நாலு வருஷமாகப் பன்றிக்கறி.

அதனால் இந்த வருஷம் மேனேஜரே நேரில் குன்றேறி வீடு தேர்ந்தெடுத்தார். கூ வோன்-தெக் என்ற எழுபத்தெட்டு வயதுப் பெரியவரின் வீடு. தனிக்கட்டை. நீல மரக்கதவு, முற்றத்தில் சீமைப் பனிச்சை மரம், இலையில்லாத கிளையில் நாலைந்து பழம். முகத்தில் நல்ல சுருக்கம்.

நாங்கள் முப்பது பேர் போய் நின்றபோது அவருடைய கிடங்கு நிறைந்திருந்தது. ஒவ்வொரு கரிக்கட்டியிலும் 'பூசான் அலுவலகத்தின் அன்பு' என்று ஸ்டிக்கர்.

"செவ்வாக்கிழமை வந்து அடுக்கிட்டுப் போனாங்கப்பா. இருநூறு. மார்ச் வரைக்கும் தாங்காது, ஆனா குளிர் உச்சத்தை ஓட்டிடுவேன்" என்றார் பெரியவர், சந்தோஷமாக.

"பூசான்காரனுக்கு இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"அவங்க ஊர்ல குளிர் பத்தலையாம். படத்துல மூச்சுப் புகை வரலையாம்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கில், முன் படத்துக்குக் கிடங்கு காலியா இருக்கணும். எல்லாத்தையும் இறக்கு."

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடலாமே சார்? அந்தம்மா கிடங்கு காலியாத்தான் இருக்கு."

"அந்த வீட்டுக் கதவைப் பாத்தியா? அலுமினியம். தலைவர் மனசு எப்படிய்யா உருகும்?"

பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏம்பா, நீங்க பாய்லர் கம்பெனிதானே. பழசா ஒண்ணு இருந்தா குடுத்துடுங்களேன். உங்களுக்கும் இந்த ஏத்த இறக்கம் மிச்சம்."

"தாத்தா, பாய்லர் குடுத்தா அது விளம்பரம். கரி குடுத்தாத்தான் தர்மம்" என்று மேனேஜர் பொறுமையாக விளக்கினார். "அதுவும் போக, இப்பவே பாய்லர் குடுத்துட்டா அடுத்த வருஷம் உங்களுக்கு நாங்க எதைக் குடுக்கிறது?"

வரிசை அப்படியே நிற்க, கைகள் மட்டும் திசை மாறின. பூசானின் அன்பு இருநூறும் கைமாறிக் கைமாறி அடிவாரத்தில் இருந்த வாடகை லாரிக்கு இறங்கின. முன் படம் எடுத்தோம். எங்கள் இருநூறை ஏற்றினோம். பின் படம் எடுத்தோம். மேனேஜருக்குக் கண் கலங்கியது; அதையும் ஒரு படம் எடுத்தோம்.

அந்த நேரம் பார்த்து சந்தின் கீழே இன்னொரு வரிசை முளைத்தது. தேஜோன் அலுவலகம். முன்னால் அவர்களுடைய மேனேஜர் யோம் மி-ரான், கன்னத்தில் ஏற்கெனவே கரியோடு. அவரும் எங்கள் மேனேஜரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன மா, நீயும் இந்தக் கதவைப் பாத்துட்டியா?"

"மொதல்ல வந்தது நாங்க."

"மொதல்ல வந்தது பூசான்னு கேள்விப்பட்டேன். அவங்களோடதை நீ இறக்கினே இல்ல? உன்னோடதை நான் இறக்கிக்கிறேன். நியாயந்தானே?"

நியாயந்தான். மேனேஜரால் மறுக்க முடியவில்லை. எங்கள் இருநூறும் அதே லாரிக்கு இறங்கத் தொடங்கின.

பெரியவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "தம்பி, ராத்திரிக்கு நாலே நாலு விட்டுட்டுப் போகச் சொல்லுப்பா. அடுப்பு அணைஞ்சா தரை ஐஸா போயிடும்."

நான் போய்க் கேட்டேன். "நாலு மூலையில தெரியும்" என்றார் யோம். "காலின்னா காலியா இருக்கணும். இன்னும் அரை மணி நேரத்துல எங்க வண்டி வந்துடும், நிரப்பிடுவோம், அவரைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன். அவர் நம்பினார். எனக்கு அதுதான் இன்னும் குத்துகிறது.

பனி கொட்ட ஆரம்பித்தது. வருஷத்தின் முதல் பனி. நீலக் கதவு, பழமரம், காலிக் கிடங்கு, பனி தலையில் விழ நடுங்கி நிற்கும் பெரியவர். இரண்டு அலுவலகமும் ஒரே நேரத்தில் போனை எடுத்தன. அதற்குள் தேஜோன் லாரி குன்றடியில் வழுக்கி நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு விழாவுக்காக எல்லோருக்கும் கூட்டு விருந்து ஏற்பாடாகியிருந்தது.

"பின் படம்?" என்றார் யோம்.

"என்னோடதை எடுத்துக்கோ" என்றார் எங்கள் மேனேஜர். சகோதர பாசம் என்பது அதுதான்.

லாரிக்காரர் மட்டும் நானூறு கரிக்கட்டியோடு நின்றார். "இதை நான் என்ன செய்ய?"

"தேவைப்படுறவங்க யாருக்காவது குடுத்துடுங்க" என்றார் மேனேஜர், பஸ்ஸில் ஏறியபடி.

படிவங்கள் தலைவருக்கும் அரசின் வட்டார அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. கூ வோன்-தெக் அறுநூறு கரிக்கட்டி பெற்றிருப்பதை வட்டார அலுவலகம் கவனித்தது. ஒருவருக்கு இத்தனை தேவையில்லை என்று கருதி, வசதியுள்ளவர் என்று குறித்து, உதவிப் பட்டியலிலிருந்து நீக்கியது. தலைவர் அவர்கள் பனியில் எடுத்த முன் படத்தைப் பார்த்து உருகினார். சியோல், தேஜோன் இரண்டும் அதே படத்தையும், பூசான் அதே பெரியவரின் படத்தையும் அனுப்பியிருந்ததால், வரலாற்றில் முதல் முறையாக மூன்று அலுவலகத்துக்கும் சேர்த்தே மாட்டுக்கறி அறிவித்தார்.

வருஷக் கடைசி விருந்து டிசம்பரில் நடந்தது. இப்போது நாகரிகம் பழைய மாதிரிக் கடைகள்தான்: தகர மேசை, நசுங்கிய கெட்டில், கரி அடுப்பு. கறி அருமையாக வெந்தது. வெளியே காற்று வாங்க வந்தபோது கதவோரம் அடுக்கியிருந்த கரிக்கட்டிகளைப் பார்த்தேன். 'பூசான் அலுவலகத்தின் அன்பு.'

"எங்க மச்சான் லாரி ஓட்டுறாரு" என்றாள் கடைக்கார அம்மா. "யாரோ புண்ணியவான்க சும்மாவே குடுத்தாங்களாம். இன்னும் ரெண்டு தட்டு கொண்டு வரட்டா?"

இரண்டு தட்டும் தின்றேன். பொய் சொல்வானேன், ருசியாகவே இருந்தது.

மறுநாள் காலை அந்தம்மாவிடம் கெஞ்சி நாலு கரிக்கட்டி வாங்கிக்கொண்டு குன்றேறினேன். பெரியவர் கோட்டும் கம்பளியுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்தார். குல்லாயைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, கிடங்கின் முன்னால் போய் நின்றார்.

"காலியாத்தான் இருக்கு தம்பி. ஒண்ணும் இறக்க வேண்டாம். முன் படம் எடுத்துக்கோ."

"படத்துக்கு வரல தாத்தா. உங்களுக்குக் குடுக்கத்தான் வந்தேன்."

என் கையில் இருந்த நாலையும் வெகுநேரம் பார்த்தார். "சரி. எப்ப திருப்பி எடுத்துட்டுப் போவீங்க? அதுக்குள்ள ஒண்ணைப் பத்த வைக்கலாமா?"

எனக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர்: 'மேலே போயிருக்கிறாயாமே. வெளிச்சம் எப்படி?'

வெளிச்சம் நன்றாக இருந்தது. மரத்தில் பனி. பெரியவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். படம் எடுத்துவிட்டேன்.