நாற்பத்தொரு பேர் படையில் சேர்ந்த சனிக்கிழமை

சான்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் ராகவி வணங்கி எழுதுவது. நான் இங்கே நலம். அங்கே நீங்களும் பெரியம்மாவும் நலமாகவும், உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறும் அளவுக்காவது சமாதானமாகவும் இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதுவானேன் என்று நினைப்பீர்கள். போனில் நான் ‘அதில்ல பெரியப்பா’ என்பதைத் தாண்டியதே இல்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேசினாலும் எனக்குக் கேட்காது.

ஊமைப்படங்களைப் பற்றிய என் மேல்படிப்பு யாருக்கும் பிரயோஜனப்படாது, பிப்ரவரியில் டேட்டா படிப்புக்கு மாறச்சொல்லி அப்பாவிடம் பேசப்போகிறேன் என்றீர்கள். நீங்கள் சொன்னால் அப்பா மறுக்கமாட்டார். நம் வீட்டுக் காரின் நிறத்தைக்கூட நீங்கள்தான் சொன்னீர்கள். நான் மாறுவதாக இல்லை. இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு என்னுடன் போனில் பேசும்போதெல்லாம் குரல் கம்மிப்போகிறது. நீங்கள் அடிக்கடி உதாரணம் காட்டும் ஆதவன் அண்ணா அதே டேட்டா படிப்பை முடித்துவிட்டு இங்கே விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரயோஜனம் என்னவென்று கேட்டீர்களே, நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ரவிசங்கர் அங்கிள், இந்த மாத நிகழ்ச்சியில் உன் படிப்பைப் பற்றி ஏதாவது செய்யேன் என்றார். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க எடுத்த ஓர் ஊமைப்படத்தைத் தேர்ந்தெடுத்தேன். போருக்குப் போகத் தயங்கும் ஒரு பண்ணை வாலிபன், ஜன்னலோரம் அவன் அம்மா, நீ கோழை என்று சொல்லாமல் சொல்லி அவன் கையில் ஒரு வெள்ளை இறகைக் கொடுத்துவிட்டுப் போகும் காதலி, எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டே இருந்து கடைசியில் எதிரியின் ஒற்றன் என்று தெரியவரும் பக்கத்துப் பண்ணைக்காரன், இவ்வளவுதான் கதை. முடிவில் வாலிபன் சீருடையில் நம்மை நேராகப் பார்க்க, ‘நான் வந்துவிட்டேன். நீங்கள்?’ என்ற எழுத்து திரையில் நிற்கும். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலிலேயே மேசை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களின் பெயரைப் படைக்கு எழுதிக்கொண்டார்களாம். திரையில் வரும் எழுத்துகளை நான் தமிழில் வாசிப்பது, ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘இப்போது உங்களை எப்படி ஏமாற்றினார்கள் பாருங்கள்’ என்று விளக்குவது என்பது திட்டம். யாரையும் இனி எந்தப் படமும் ஏமாற்றக்கூடாது என்ற உறுதியோடு பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.

குத்துவிளக்கில் ஐந்து முகம்தான், ஏற்ற ஒன்பது பேர் மேடையேறினார்கள். அடுத்து சிறப்பு விருந்தினர் ஊமைப்படத்தின் பெருமையைப் பற்றி நாற்பது நிமிடம் இடைவிடாமல் பேசினார். ஹாலை ஐந்து மணிக்குக் காலிசெய்து சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது, ரவிசங்கர் அங்கிள் என் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார், நான்கே பக்கத்தோடு திரும்பி வந்தார்.

“விளக்கத்தையெல்லாம் எடுத்துட்டேன்மா. கதை மட்டும் வெச்சிருக்கேன். இப்பதான் நச்சுனு இருக்கு.”

மிச்சப் பதினான்கு பக்கங்களைத் தேடிப் போனேன். அவற்றின்மேல் மசால்வடை எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது.

இப்படித்தான் பெரியப்பா, பிரச்சாரத்தை எதிர்க்க மேடையேறிய நான், விளக்கை அணைத்த பிறகு ‘தாய்நாடு உன்னை அழைக்கிறது’ என்று மைக்கில் வாசிக்கும்படி ஆனது. கீபோர்டில் இருந்த யசீகரனிடம் உணர்ச்சியில்லாமல் வாசிக்கச் சொல்லியிருந்தேன். “ஓம் அக்கா, சும்மா மெல்லமா வாசிக்கிறன்” என்றவன், திரையில் அம்மா ஜன்னலுக்கு வந்ததுமே முகாரியைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது வரிசையில் ரஷ்மி அக்கா தன் கணவர் மனோஜிடம், “திங்கிறதப் பாத்தப்பவே சொன்னேன்ல, அந்தக் குண்டன் சரியில்லன்னு” என்றார். மனோஜ் கையிலிருந்த வடையை மெல்லக் கீழே வைத்தார். நான் துணிந்து, ‘இந்த இடத்தில் தாயின் முகத்தை அருகில் காட்டுவது ஓர் உத்தி’ என்று தொடங்கினேன். “ஷ், படத்தப் பாக்க விடும்மா” என்று நான்கு பக்கமிருந்தும் குரல் வந்தது.

வாலிபன் இறகைக் கையில் எடுத்து எழுந்தபோது முன்வரிசையிலிருந்து யசீகரனின் அம்மா புஷ்பவதி ஆன்ட்டி, எதிரில் நிற்கிறவனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: “போகாதை தம்பி. கூப்பிடுறவை ஒருத்தரும் போறேல்லை.” அவரை யாரும் ஷ் என்று அடக்கவில்லை. யசீகரனின் கை நின்றுவிட்டது. அவன் அவருக்கு இரண்டாவது மகன். மூத்த மகனைப் பற்றிச் சங்கத்தில் யாரும் கேட்பதில்லை.

படம் முடிந்தது. ‘நான் வந்துவிட்டேன். நீங்கள்?’ என்று வாசித்தேன், கடைசிச் சொல்லை என்னையறியாமல் இழுத்தேன். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு நோட்டு, பேனா. தீபாவளி விழா முடிந்த மறுநாள் ஹாலைக் கூட்டிக் கழுவத் தொண்டர்கள் வேண்டும் என்று ரவிசங்கர் அங்கிள் எப்போதும் வைக்கும் நோட்டு. போன வருடம் அதில் நான்கு பெயர், இரண்டு அவருடையதும் அவர் மனைவியுடையதும். நேற்று ஒருவர் எழுதினார், பின்னால் ஒருவர் நின்றார், நம் ஆட்கள் வரிசையைக் கண்டால் நிற்காமல் போவார்களா, பார்க்கிங் வரை நீண்டுவிட்டது. மனோஜ் தன் பெயர், முகவரி, ரத்தப் பிரிவு எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கேட்டார்.

“இது எதுக்கு அங்கிள்?”

“தீபாவளிக்கு மறுநாள் ஹால் கூட்ட.”

“அவ்ளோதானா? நான் வேற ஏதோன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.”

நாற்பத்தொரு பெயர். பொங்கலுக்கும் இதே படத்தைப் போடலாம் என்கிறார் ரவிசங்கர் அங்கிள். எழுதாமல் போனவர் புஷ்பவதி ஆன்ட்டி மட்டும்தான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, உங்கட குரல் நல்லாயிருக்கு. அதுதான் பயமாக் கிடக்கு.”

நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அழைப்பு நேற்றும் வேலை செய்தது. ஒருவரிடம் மட்டும் செய்யவில்லை. ஏன் என்பதைத்தான் நான் படிக்க வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன் பெரியப்பா. நீங்கள்?

பெரியம்மாவுக்கும் வந்துபோகும் சொந்தங்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும், இம்முறை அது சம்மதமாகவும் இருந்தால் மகிழ்வேன்.

பணிவுடன்,
ராகவி

பி.கு.: உறையில் போடுமுன் படித்துப் பார்த்தேன். அம்மாவின் குரல் கம்மியது சளியால். ஆதவன் அண்ணா கிடங்கில் இருந்தது இரண்டே மாதம், இப்போது நல்ல வேலையில் நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் உப்பியிருக்கிறார். எங்கே எதை வைத்தால் உங்கள் மனம் இளகும் என்று யோசித்து வைத்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. ஆகவே மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். எனக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும். இந்தப் படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் முடிப்பேன். அப்பாவிடம் இந்தப் பின்குறிப்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.