தகரத் தாசில்தார்

தருமபுரியில் நிஜத் தாசில்தாருக்குப் பயப்படாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்திருக்கலாம். தகரத் தாசில்தாருக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது.

ஓட்டை லாந்தரையும் தகரக் குடத்தையும் ஈயத்தால் பற்றவைத்துக் கொடுப்பது அவர் தொழில். நேரில் 'பாய்' என்போம். தாசில்தார் உட்காரும் தாலுகா கச்சேரிக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் முதலில் அவர் கடைக்குத்தான் போவார்கள், ஒத்திகை பார்க்க. பாய் பொத்தானில்லாத கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட சீமெண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டால் அது கச்சேரி.

"ஏய், செருப்பு எங்க?"

"கால்ல இருக்குதுங்க."

"வெளிய போ! கழட்டிப் போட்டுட்டு மறுபடி பொறந்து வா!"

அப்பா பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். "பயத்துல சொந்தப் பேரு மறந்துபூடும். அப்பன் பேரைச் சொல்லிட்டா மீதிய அவங்களே கண்டுபுடிச்சிக்குவாங்க."

வத்தல்மலைப் பெரியவர் ஒருவர் பட்டாவுக்காகச் சந்தை நாள் தவறாமல் வந்து திட்டு வாங்கிப் பழகினார். தேறியதும் கச்சேரிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"உள்ள தாசில்தார் இல்லீங்க பாய். யாரோ நல்ல மனுசன் குந்தியிருக்காரு. 'ஒக்காருங்க பெரியவரே'ன்னாரு. எடம் மாறிப்போச்சுன்னு வந்துட்டேனுங்க."

அன்றே பாய் 'நல்ல தாசில்தார்' என்று இன்னொரு பாடம் சேர்த்தார். அது அவருக்குச் சரியாக வரவில்லை. "மலையிலேருந்து நடந்தா வந்தீங்க? சாப்ட்டீங்களா?" என்று கேட்பதற்குள் அவருக்கே கண் கலங்கிவிடும். கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, "சரி சரி, மனுவைக் குடு" என்பார். பெரியவர் அடுத்த சந்தையன்று தைரியமாக நாற்காலியில் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டார்.

பிறகு என் முறை வந்தது. உலக யுத்த காலம், சர்க்கரைக்கு ரேஷன். கல்யாணத்துக்குச் சர்க்கரை வேண்டுமானால் தாசில்தாரிடம் பர்மிட் வாங்க வேண்டும். பெண் வீடு பாப்பிரெட்டிப்பட்டி. பெண்ணின் தாய்மாமன் கறாராகச் சொல்லிவிட்டார்: "லட்டு இல்லாம பந்தி கெடையாதுங்க. ஒரு பர்மிட் வாங்கத் துப்பில்லாத மாப்ளைன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

நண்பர்கள் நடுவே என் வாய் மூடாது. எதிரே ஒரு நாற்காலியும் அதில் ஒரு ஆளும் இருந்துவிட்டால் மட்டும் பஞ்சரான சைக்கிள் டியூப் ஆகிவிடும். பாய் இரண்டு பாடங்களையும் எனக்குப் புகட்டினார். திட்டினாலும் தாங்குவேன், கொஞ்சினாலும் தாங்குவேன் என்று புறப்பட்டேன்.

தாசில்தார் திட்டவில்லை. கொஞ்சவும் இல்லை. தலையே நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். இதற்குப் பாடம் நடக்கவில்லையே! நின்றேன். மனுவை மேஜைமேல் வைத்ததோடு சரி. டவாலிச் சேவகன், "பேசாட்டி நகருய்யா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். லட்டு போயிற்று, பந்தி போயிற்று, பெண்ணும் போயிற்று.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு முழக்கம்.

"டேய்! வாயில என்னடா, கொழுக்கட்டையா? அப்பன் பேரைச் சொல்லு!"

வாய் தானாகத் திறந்துகொண்டது. அப்பா பெயர், ஊர், பெண் பெயர், முகூர்த்தம், லட்டு, தாய்மாமன் மிரட்டல் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. கடைசியில், "செருப்பை வெளியவே விட்டுட்டேனுங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாருய்யா அது, வெளிய?"

"தாசில்தாருங்க" என்றேன், பழக்க தோஷத்தில்.

சேவகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தாசில்தார் உதட்டைக் கடித்துக்கொண்டு என் மனுவை இழுத்தார்.

"அவரே உத்தரவு போட்டுட்டாரு. நான் எப்படிய்யா மறுக்கறது?"

பர்மிட்டோடு வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் பாய், கறுப்புக் கோட்டும் கையில் பற்றவைக்கும் கோலுமாக, மூச்சு வாங்க நின்றார். பின்னாலேயே வந்த சேவகன் சொன்னான்: "இவருகிட்ட படிச்சவங்க யார் உள்ள வந்தாலும் இவரு இந்த ஜன்னலண்ட வந்து நிப்பாருங்க. வாயைத் தொறந்தது இன்னிக்குத்தான்."

பாய் என் முகத்தைப் பார்க்காமல், "கடையில நெருப்பு அணைஞ்சிடும்" என்று வேகமாக நடந்துவிட்டார்.

லட்டுப் பந்தியில் அவருக்கு முதல் இலை. தாய்மாமன்தான் பரிமாறினார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டேன். எதிரே இருப்பவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் என் கண் ஜன்னலுக்குத்தான் போகிறது. ஒரே ஒரு தடவை திட்டுங்க பாய், நான் பேசிடுவேன்.